மணிக்கட்டு வரை நுழையும் பை

கம்பெனி கேட்டில் வைத்து என் கவுனின் இடுப்புப் பையை ஒரு பெண் கத்தரியால் வெட்டி எடுத்தாள். எனக்குப் பின்னால் அறுபது பெண்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் தாடை இறுகுகிறது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பல தடவை தள்ளிப் போட்டேன். ஆறவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடம் சாலையில் இருந்த ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுப்பது வேலை. முகத்துக்கு நேராக உயர்ந்து நிற்கும் பெரிய பலகை, அதில் ஆணிகள், ஒவ்வொரு நிற ஒயருக்கும் ஒரு பாதை. எட்டு மணி நேரமும் நின்றபடியே கையைத் தூக்கி ஒயரை மாட்டி டேப் சுற்ற வேண்டும். லைனில் நாற்பது பேரும் பெண்கள். சூப்பர்வைசர், டிராலி தள்ளுகிறவர்கள், மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள்.

எல்லாருக்கும் நீலக் கோட்டுதான். ஆண்கள் கோட்டில் மூன்று பை: மார்பில் ஒன்று, கீழே இரண்டு. பெண்கள் கோட்டில் ஒன்றுகூடக் கிடையாது. எனக்குத் தையல் தெரியும் என்பதால் முதல் நாளே இரண்டையும் புரட்டிப் பார்த்தேன். ஒரே துணி, ஒரே பொத்தான், ஒரே கை தைத்தது. பையை மட்டும் விட்டிருந்தார்கள். சின்னச் சின்ன கிளிப்புகளை நாங்கள் போட்டுக்கொண்டு போய்விடுவோமாம். ஆண்கள் போட்டுக்கொண்டு போக மாட்டார்களா என்று டிரெய்னிங்கில் கேட்டேன். "கேள்வியெல்லாம் கடைசியில்" என்றார்கள். அந்தக் கடைசி வரவே இல்லை.

பை இல்லாதது அப்படி என்ன பெரிய விஷயம் என்று ஆண்கள் கேட்பார்கள். சொல்கிறேன். எங்கள் பொருள் எல்லாம் லாக்கரில் இருக்கும். லாக்கர் அடுத்த கட்டடத்தில். டாய்லெட்டுக்குப் போக வேண்டுமானால் சூப்பர்வைசரின் மேஜையில் தொங்கும் டோக்கனை எடுக்க வேண்டும். நாற்பது பேருக்கு இரண்டு டோக்கன். எடுத்த நேரத்தை அவர் நோட்டில் குறிப்பார். ஏழு நிமிஷம் தாண்டினால் பெயர் போர்டில் ஏறும். மாத நாட்களில் லாக்கருக்குப் போய் நாப்கினை எடுத்துக்கொண்டு, மெஷின் ஷாப்பைச் சுற்றி நடந்து டாய்லெட்டுக்குப் போனாலே ஏழு நிமிஷம் முடிந்துவிடும். அதனால் காலையிலேயே அதைச் சுடிதார் நாடாவில் சொருகிக்கொண்டு வருவோம். கையைத் தூக்கித் தூக்கி வேலை செய்தால் எது சொருகியபடியே நிற்கும்?

என் அறையில் இருந்த பெண்ணுக்கு அதுதான் நடந்தது. அவள் திருநெல்வேலிப் பக்கம், என்னைவிட இரண்டு வயது சின்னவள். வேலை நடுவில் நாப்கின் நழுவி அவள் காலடியில் விழுந்தது. அவள் குனிவதற்குள் டிராலி ஆள் ஒருவன் ஷூ நுனியால் அதைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. லீவு எடுத்ததற்கு அவளுக்குத்தான் திட்டு விழுந்தது. சிரித்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த நோட்டு என் கைக்கு வந்தது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து, பொழுது போகாமல் அங்கே பழைய வாரப் பத்திரிகைகளைக் கிளறுவேன். ஒரு நாள் அடியில் தடித்த அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு ஒன்று கிடைத்தது. அரசாங்கத் தையல் ஹையர் கிரேடு பரீட்சைக்காக யாரோ ஒரு பெண் அறுபதுகளில் தயாரித்தது. பெயர் ஒட்டியிருந்த இடம் கிழிந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் உள்ளங்கை அளவில் ஒரு குட்டி உடுப்பு நிஜத் துணியில் தைத்து ஒட்டியிருந்தது: பஃப் கை ரவிக்கை, வட்டக் காலர் சட்டை, ஆறு துண்டுப் பாவாடை, மார்புக்கு மேல் யோக் என்ற தனித் துண்டு வைத்த கவுன். எதிர்ப் பக்கத்தில் அளவும் படமும். நடுநடுவே முழு அளவில் வெட்டிய பழுப்புத்தாள் மாதிரிகள் மடித்துச் சொருகியிருந்தன. பிரித்தால் மடிப்பில் விண்டுபோகும் அளவுக்கு மொறுமொறுப்பாகிவிட்டிருந்தன.

கவுன் பக்கத்தின் ஓரத்தில் பரீட்சைக்குத் தேவையில்லாத ஒரு குறிப்பு இருந்தது. "பை வலது இடுப்புத் தையலில் வர வேண்டும். கை மணிக்கட்டு வரை நுழைய வேண்டும். சிறிதாக வைத்தால் பயன் இல்லை." கடையில் நின்றபடியே அதை மூன்று முறை படித்தேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்திக்குத் தெரிந்திருந்த விஷயம், இத்தனை பெரிய கம்பெனிக்குத் தெரியவில்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்கு வந்தேன்.

மெஷின் கிடைத்தது எங்கள் வீட்டுக்கார அக்காவிடம். அவர் வீட்டின் பின்கட்டில்தான் எங்கள் அறை. கூடத்தில் தையல் மெஷின் ஒன்று துணி மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இன்னாம்மா, தெய்க்கத் தெரியுமா உனுக்கு? எங்கம்மா வூட்டு சீரு அது. கண்ணாலத்துக்குக் குடுத்தாங்க, நா தொட்டதே இல்ல. சும்மாதான் கீது, தெச்சுக்க. எனுக்கு ஒரு ரவிக்க தெச்சுக் குடு, போதும்."

பெல்ட்டை மாற்றி, எண்ணெய் விட்டு, பாபினில் சுற்றியிருந்த துருப் பிடித்த நூலைப் பிய்த்து எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

பழுப்புத்தாள் மாதிரிகளை நேராகத் துணியில் வைத்து வெட்ட எனக்கு மனம் வரவில்லை. தினத்தாளில் வரைந்து எடுத்துக்கொண்டேன். அதிலும் சிக்கல். அந்த மாதிரிகள் ஒரு ஒல்லிப் பெண்ணுக்கானவை, இடுப்பு இருபத்து நாலு அங்குலம். எனக்கு முப்பது. இரண்டு ஓரத்திலும் மும்மூன்று அங்குலம் கூட்டினால் போதும் என்று நினைத்துப் பழைய புடவையில் வெட்டிப் பார்த்தேன். போட்டுக்கொண்டபோது தோள் முழங்கையை நோக்கி இறங்கியது. அகலத்தைக் கூட்டினால் கழுத்தும் தோளும் சேர்ந்து பெருத்துவிடும். மாதிரியை நடுவில் கீறி, வேண்டிய இடத்தில் மட்டும் தாளை விரித்து ஒட்ட வேண்டும். அது பிடிபட மூன்று ஞாயிறு ஆனது. பஃப் கைக்குச் சுருக்கம் அதிகமாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது இரண்டு தோளிலும் பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

ஆனால் கை வளைவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் கடையில் வாங்கும் சுடிதாரில் கை வளைவு அக்குளுக்குக் கீழே நாலு விரல் இறங்கி இருக்கும். கையைத் தூக்கினால் உடுப்பு முழுவதும் கூடவே மேலே ஏறும். நாள் பூராவும் ஒரு கையால் ஒயர், மறு கையால் டாப்ஸைக் கீழே இழுப்பு. அந்தப் பழைய மாதிரியில் கை வளைவு அக்குளை ஒட்டி, குட்டையாக இருந்தது. துணியை மிச்சம் பிடிக்க அப்படி வைத்தார்களோ என்று முதலில் நினைத்தேன். தைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கூரையை நோக்கித் தூக்கினேன். கவுன் அசையவில்லை. கை மட்டும் போனது. அறை நடுவில் நின்று மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷத்துக்குப் பதிலாக ஆத்திரம்தான் வந்தது. இத்தனை நாள் தோள் வலியில் என் கையை நான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்படித்தான் அந்த உடுப்பு உருவானது. யோக் வைத்த கவுன், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை. அடர் பச்சை பாப்ளின். வட்டக் காலர். பஃப்பைக் குறைத்து முழங்கைக்கு மேல் நிற்கும் கை. உள்ளே சுடிதார் பேன்ட். வலது இடுப்புத் தையலில் பை. பையின் வாய் கிழியாமல் இரண்டு முனையிலும் மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டினேன். நாப்கின், கைக்குட்டை, பஸ் பாஸ், லாக்கர் சாவி எல்லாம் உள்ளே போன பிறகும் கை மணிக்கட்டு வரை நுழைந்தது. மேலே நீலக் கோட்டு. அதன் பக்கவாட்டுப் பிளவு வழியாகக் கை உள்ளே போகும்.

லைனில் என்னைக் "கருப்பு வெள்ளை" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பழைய படத்திலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி இருக்கிறேனாம். டிராலி ஆட்கள் எல்.கே.ஜி. பாப்பா என்றார்கள். சொல்லட்டும். பதினைந்து நாளில் முதல் ஆளாக என்னிடம் வந்தது என் அறைத் தோழிதான்.

"ஏட்டி, எனக்கும் ஒண்ணு தச்சுத் தாட்டி. பை மட்டும் நல்லா ஆழமா வச்சிரு."

அவளுக்கு ஊதாப்பூப் போட்ட வெள்ளைத் துணி. பிறகு பக்கத்து அறையில் மூன்று பேர், தண்டலத்திலிருந்து வரும் ஒருத்தி. இரண்டு மாதத்தில் லைனில் ஆறு பேர் பழைய கால கவுனில் நின்றோம். ஒருத்தியின் பெயரும் போர்டில் ஏறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. மதிய ஷிப்ட்காரர்கள் உள்ளே வர, நாங்கள் வெளியே போகும் நேரம். கேட்டில் எங்களைத் தடவிப் பார்த்து அனுப்பும் பெண் வடக்குப்பட்டுக்காரர். நாற்பது வயது இருக்கும். அவர்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு கான்ட்ராக்டில் அந்த வேலைக்கு வந்தவர். தினமும் தோளில் இரண்டு தட்டு, இடுப்பில் இரண்டு தட்டு, "போ" என்பார். அன்று ஹெச்.ஆர். ஆபீசர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்ததால் நிஜமாகவே தடவினார். கை என் பைக்குள் போய்விட்டது.

"இன்னாம்மா இது, உள்ள பாக்கெட்டு கீது?"

"ஆமாக்கா. பைதான்."

"பையா? எதுக்கு?"

"எதாச்சும் வைக்கத்தான்."

ஹெச்.ஆர். ஆபீசர் திரும்பினார். "எதாச்சும்னா? கம்பெனி மெட்டீரியலா?"

எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். கைக்குட்டை, பாஸ், சாவி, செய்தித்தாளில் சுற்றிய நாப்கின். கடைசிப் பொருளைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை.

"டிரெஸ்ல பாக்கெட் கூடாதுன்னு ரூல் தெரியுமா தெரியாதா?"

"கோட்டுல பை இல்லன்னுதான் சார் சொன்னீங்க. என் சொந்த உடுப்பு இது. உள்ள ஒரு கிளிப்பாவது இருக்கா, பாருங்க."

"இன்னிக்கு இல்ல. நாளைக்கு?"

நாளைக்கு நான் திருடலாம் என்பதற்காக இன்றைக்குத் தண்டனை. அவர் அந்தப் பெண்ணிடம் "கட் பண்ணுங்க" என்றார். பார்சல் டேப் வெட்டும் கத்தரி மேஜையில் இருந்தது. மழுங்கிய கத்தரி. கோட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் முட்டிபோட்டு உட்கார்ந்து பையை வெளியே இழுத்து வெட்ட முயன்றார். நான் போட்ட தையல் அவ்வளவு லேசில் வரவில்லை. அறுத்து அறுத்து, கடைசியில் இடுப்புத் தையலும் சேர்ந்து கிழிந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமல், "நா இன்னா பண்றது, மேல இருக்கறவரு சொல்றாரு" என்று முணுமுணுத்தார். அப்போது எனக்கு அவர் மேல்கூட இரக்கம் வரவில்லை.

"துண்டைக் குடுங்க" என்று கை நீட்டினேன்.

"எவிடன்ஸ்" என்றார் ஆபீசர். என் பச்சைப் பாப்ளின் பையை ஒரு மெமோவோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து ஃபைலில் வைத்துக்கொண்டார்.

நான் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். பஸ்ஸில் இடுப்பு ஓட்டையின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். யாரும் என் பக்கத்தில் உட்கார வரவில்லை. என் அறைத் தோழி நாலு சீட் தள்ளிப் போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அறைக்குள் நுழைந்ததும் அவள் செய்த முதல் காரியம், தன் வெள்ளை கவுனை எடுத்துப் பிளேடால் பையைப் பிரித்தது.

"ஏண்டி இப்படிப் பண்ற?"

"எனக்குப் பயமா இருக்குட்டி. வீட்ல என்னய நம்பி இருக்காவ. ஒனக்கென்ன, ஒனக்குக் கோவம் மட்டும் போதும்."

அந்த வார்த்தை கேட்டில் நடந்ததைவிட எனக்கு வலித்தது. நாப்கின் விழுந்த பிறகு இரண்டு நாள் சோறு தண்ணியில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் இவள். இவளுக்காகத்தான் அந்தப் பையை ஒரு அங்குலம் கூடுதலாக ஆழம் வைத்தேன். அவள் பிரித்த நூல் துண்டுகள் பாயெல்லாம் கிடந்தன. நான்தான் பெருக்கினேன்.

மெமோவுக்குப் பதில் எழுதித் தர வேண்டும். சூப்பர்வைசர் வெள்ளைத்தாளைக் கொடுத்து, "மன்னிக்கவும்னு ஒரு வார்த்தை போடும்மா, முடிஞ்சுது" என்றார். "பை வைத்தது உண்மை. அதில் என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

அந்த வாரம் முழுக்கப் பலகை முன்னால் நின்றபோதும் மனதுக்குள் அந்த ஆபீசரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். டேப்பை அவ்வளவு இறுக்கிச் சுற்றினேன் போல, இரண்டு கட்டுகள் திரும்பி வந்தன. ஒரு நாள் கேட்டில் நிற்கும்போது சுவரில் இருந்த போர்டைப் படித்தேன். தினமும் பார்க்கிற போர்டுதான். "உள்ளே எடுத்துச் செல்லும் பொருட்கள் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும்." தெரியும்படி. சரி, தெரியட்டும் என்று தோன்றியது.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் இடுப்பில் கட்டும் வேலைப் பை ஒன்று இருந்தது. தைக்கிறவர்கள் கத்தரியும் ஊசிப் பெட்டியும் வைத்து நாடாவால் கட்டிக்கொள்வது. மேல் அகலம், அடி வளைவு, ஓரத்தில் பிறை பிறையாக அலங்காரம். அதன் மாதிரித்தாள் முழுசாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் போய் வெள்ளைக் கொசுவலைத் துணி வாங்கி வந்தேன்.

கொசுவலையைத் தைப்பது எளிதில்லை. மெஷின் பாதத்துக்கு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடும், ஊசி அதை அடித்தகட்டின் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். கீழே செய்தித்தாளை வைத்துத் தாளோடு சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு தாளைக் கிழித்து எடுத்தேன். ஓரங்களுக்கு மிச்சமிருந்த பச்சைப் பாப்ளினைக் குறுக்காக வெட்டிப் பைப்பிங் கொடுத்தேன். நோட்டில் இருந்த பிறைகளில் ஒன்றையும் விடவில்லை. கோபத்தில் தைத்தாலும் அசிங்கமாகத் தைக்க எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்திலேயே ஐந்து பை முடிந்தது.

வீட்டுக்கார அக்கா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னாம்மா இது? உள்ள வெச்சது மொத்தமும் தெரியுமே!"

"தெரியணும்க்கா. அதுக்குத்தான்."

விஷயத்தைச் சொன்னேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "கயிதைங்க" என்றார். யாரைச் சொன்னார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை நாங்கள் ஐந்து பேர் கோட்டுக்கு மேலே அந்தப் பையைக் கட்டிக்கொண்டு போனோம். என் அறைத் தோழி கட்டிக்கொள்ளவில்லை. பைக்குள் பாஸ், சாவி, கைக்குட்டை. எல்லாவற்றுக்கும் முன்னால், செய்தித்தாள் சுற்றாத ஒரு நாப்கின். அன்று ஐந்து பேரில் ஒருத்திக்கும் அது தேவைப்படவில்லை. இருந்தாலும் வைத்தோம்.

கேட்டில் வடக்குப்பட்டு அக்கா என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், திரும்பிப் போர்டைப் பார்த்தார். வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"போர்டுல எயுதிகினு கீறபடி கரீட்டாதான் கீது. போ" என்றார். பின்னால் வந்தவளைத் தடவவே இல்லை.

வீரமாக நடந்து போனேன் என்று எழுதினால் பொய். டீ பிரேக் வரை காது சுட்டுக்கொண்டே இருந்தது. அம்மா பார்த்தால் என்ன சொல்வாள் என்று ஓடியது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். டிராலி ஆட்கள் எங்கள் பலகைப் பக்கம் வரும்போது தரையைப் பார்த்துக்கொண்டு வேகமாகத் தள்ளினார்கள். சூப்பர்வைசர் என்னிடம் பேச வேண்டியதைப் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினார். மதியத்துக்கு மேல் எனக்கு வெட்கம் போய்விட்டது. அது அவர்கள் பக்கம் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை பத்துப் பேர். புதிதாகச் சேர்ந்தவர்கள் முந்தின நாள் மாலையே துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்கார அக்காவே நாடா வெட்டிக் கொடுத்தார். புதன்கிழமை காலை ஹெச்.ஆர். ஆபீசர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மறுநாள் வெளிநாட்டிலிருந்து கஸ்டமர்கள் லைனைப் பார்க்க வருகிறார்கள். அவர் முகம் வியர்த்திருந்தது.

"என்னம்மா இது, இன்டீசன்ட்டா?"

"எது சார்?"

"அது... அந்த... உள்ள வச்சிருக்கியே."

"எது சார்? சாவியா?"

"விளையாடாத."

"பேரைச் சொல்லுங்க சார், எடுத்துடறேன். நாலு பேர் முன்னாடி என் பைய வெட்டச் சொன்னப்ப இருந்த வாய் இப்ப எங்க போச்சு?"

அவர் எழுந்து நின்றார். நானும் உட்காரவில்லை. என் குரல் வெளியே வராண்டா வரை கேட்டிருக்கிறது. "மறைச்சு வச்சா திருட்டு, காட்டினா அசிங்கம். அப்ப நாங்க எங்கதான் சார் வைக்கறது? உங்க கோட்டுல மூணு பை இருக்கே, அதுல ஒண்ணக் குடுங்க" என்றேன். இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அழுததற்காக இன்றும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவர் டம்ளரில் தண்ணீர் நகர்த்தி வைத்தார். நான் குடிக்கவில்லை.

அன்று மாலையே பெண்கள் டாய்லெட்டில் ஒரு மர அலமாரி வந்தது. அதில் நாப்கின் பாக்கெட்டுகள். சூப்பர்வைசர் டோக்கன் இரண்டையும் மேஜையிலிருந்து எடுத்துவிட்டார். போக வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிவிட்டுப் போகலாம். பதிலுக்கு, வலைப் பைகளை யாரும் கட்டிக்கொண்டு வரக்கூடாது என்றார்கள். கட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் கலந்து பேசினோம். எனக்கு அரை மனசு. கோட்டில் பை வேண்டும் என்று கடைசி வரை நின்றிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். மற்றவர்கள் களைத்துவிட்டிருந்தார்கள். அவிழ்த்துவிட்டோம்.

இரண்டு மாதத்தில் என் டிரெய்னிங் காலம் முடிந்தது. என்னோடு சேர்ந்தவர்களுக்கு நீட்டித்தார்கள், எனக்கு மட்டும் நீட்டிக்கவில்லை. காரணம் எழுதித் தரவில்லை. நான் ஊருக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கார அக்காவின் கூடத்திலேயே மெஷினைப் போட்டுத் தைக்க ஆரம்பித்தேன். நோட்டில் இருந்த அத்தனை மாதிரிகளையும் பல அளவுகளுக்கு வரைந்து எடுத்தேன். சுற்றியிருந்த கம்பெனிப் பெண்கள் வந்தார்கள். கையைத் தூக்கி வேலை செய்கிறவர்களுக்குக் குட்டைக் கை வளைவு, உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு முதுகில் இரண்டு மடிப்பு. கேட்டாலும் கேட்காவிட்டாலும் பை வைப்பேன்.

அடுத்த வருஷம் என் பழைய அறைத் தோழி வந்தாள். அவள் வேறு அறைக்கு மாறிப் போனதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. உள்ளே வராமல் வாசல்படியில் நின்று கம்பெனிக் கதை சொன்னாள். பெண்கள் கோட்டில் இப்போது மார்புப் பக்கம் ஒரு பை வந்துவிட்டதாம். வலைத் துணியில். நல்ல யோசனை சொன்னவர் என்று சூப்பர்வைசரின் போட்டோவை நோட்டீஸ் போர்டில் மாட்டி, ஆண்டு விழாவில் மிக்ஸி பரிசு கொடுத்தார்களாம்.

"ஒம் பேரச் சொல்லணும்னு நெனச்சேன்ட்டி" என்றாள்.

"சொன்னியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். மெஷினின் மேல் கிடந்த கத்தரியை எடுத்து எறிய வேண்டும் போல இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்த மிக்ஸி மேல், அந்தப் போட்டோ மேல், இவள் குனிந்த தலை மேல். "எதுக்கு வந்த?" என்று கேட்டேன்.

பையிலிருந்து ஒரு பட்டுத் துணியை எடுத்தாள். மாம்பழ நிறம். கல்யாணத்துக்கு ரவிக்கை வேண்டுமாம், நோட்டில் இருந்த அந்தப் பஃப் கை. அவளுக்கு அது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் ஒரே பாயில் படுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறோம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மன்னிக்கவில்லை. "உள்ள வா" என்று மட்டும் சொன்னேன். டேப்பை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் தோள், மார்பு, கைச் சுற்றளவு எல்லாம் அளந்து எழுதிக்கொண்டேன். அவள் அழுதபடியே நிமிர்ந்து நின்றாள். அளவு தப்பிவிடும், அசையாதே என்று ஒரே ஒரு முறை அதட்டினேன். வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். புதன்கிழமையே தைத்து, ஹூக் கட்டி, இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். கை இரண்டிலும் சுருக்கம் ஒரே அளவாக உட்கார்ந்திருந்தது.